யாகப்பன் வைத்த நான்கு தட்டுகள்

யாகப்பனுக்கு ஒரு வியாதி உண்டு. டாக்டரிடம் காட்டித் தீருகிற வியாதி அல்ல. எதையும் சும்மா விடமாட்டார். பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்காருவார்கள். இவர் மட்டும் கண்டக்டரிடம் போய் எங்கே நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் சீட்டுத் தேடுவார். ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் மெஷின் பழுது பார்த்தவர். கழற்றிப் பார்க்காமல் எந்த மெஷினும் உண்மையைச் சொல்லாது என்பது அவர் கட்சி. இப்போது வயது ஐம்பத்தாறு. இண்டூருக்கும் நல்லம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிற சொந்த ஊருக்கே திரும்பி வந்து ஒன்றரை ஏக்கரில் மிளகாயும் தக்காளியும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பால் சொசைட்டியில் அவர் தலை தெரிந்தால் போதும், "வந்துட்டாருடா சிபிஐ" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அந்தப் பேர் அவருக்குப் பிடித்தே இருந்தது.

அதைவிடப் பிடித்த இன்னொரு பேரும் இருந்தது. ஊரில் நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள்; அவர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நின்று தியானிக்கிற சிலுவைப்பாதை நடக்கும்போது பெரிய மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவரும் அவரே. பதினோரு வருஷமாக அந்தத் தோளை யாரும் மாற்றவில்லை. இந்துக் குடும்பங்களிலும்கூட வரப்புத் தகராறு என்றால், "யாகப்பண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். இப்படி ஒரு பேரைச் சம்பாதித்து வைத்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பேர் தனக்காக மட்டுமா வேலை செய்கிறது, வேறு யாரையாவது அழுத்திக்கொண்டும் இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க அவருக்கே தோன்றவில்லை, பாருங்கள்.

பக்கத்துத் தோட்டம் பச்சியப்பனுடையது. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத் தண்ணீர் எடுப்பார்கள். பச்சியப்பன் ஒரு ஏக்கர் மல்பெரி போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட் கட்டிப் பட்டுப்புழு வளர்க்கிறவர். புழு என்பது கைக்குழந்தையைவிட மோசம். வெயில் ஆகாது, வாடை ஆகாது, எறும்பு ஆகாது. அதனால் ஷெட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு. செருப்போடு நுழையக் கூடாது. பவுடர் பூசிக்கொண்டு நுழையக் கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. முதல் இரண்டையும் மறந்தாலும் பச்சியப்பனின் மனைவி தீர்த்தம்மாள் மூன்றாவதை மறக்கமாட்டாள்.

அந்த மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஷெட்டிலிருந்த புழு மொத்தமும் செத்துப்போயிற்று.

நாலு தடவை தோலுரித்து முடித்து விரல் தண்டி வளர்ந்த புழு. இன்னும் மூன்று நாள் தழை தின்றிருந்தால் கூடு கட்டியிருக்கும். யாகப்பன் சத்தம் கேட்டு ஓடினார். அடுக்கடுக்காகப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன, வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கக்கின, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கின. பச்சியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியத்துக்குள் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டினார்கள்.

பழியும் அதே மதியத்தில் ஒரு தலையில் இறங்கியது. பச்சியப்பனின் மருமகள் மாதேஸ்வரி, கல்யாணமாகி ஒன்றரை வருஷம், பென்னாகரம் பக்கத்துப் பெண். புருஷன் மாதவராஜ் ஓசூரில் ஷிப்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிற ஆள். வெள்ளிக்கிழமை மாலை ஷெட்டில் கடைசியாக வேலை செய்தது அவள்தான். தூரமாக இருந்ததை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்றாள் தீர்த்தம்மாள். வீட்டுக்குள் சொல்லியிருந்தாலாவது போகட்டும். சாயங்காலம் பால் ஊற்றப் போன இடத்தில், சொசைட்டி வாசலில், இருபது பேர் காதுபட, "எம்மருமவ மறைச்சிட்டாளுங்க, எங்குடும்பத்தையே அழிச்சிட்டா" என்று சொன்னாள். அந்தப் பெண் நாலு பேர் முன்னால் நின்று தேதி சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னாள். யாரும் நம்பவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

"இருக்கும் இருக்கும், அந்த வாடையே ஆவாதுங்கறாங்க இல்ல" என்று யாகப்பனின் மனைவி மதலேனம்மாளும் தலையாட்டினாள். ஒரு ஞாயிறு பூசைகூடத் தவறாதவள்தான் அவளும். இந்த விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதேஸ்வரியைப் பையோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, அவளைத் திரும்ப அழைப்பதா இல்லையா என்று பேசுவதாக ஏற்பாடு. மாதவராஜ் வழக்கம்போல் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பிப் போனான்.

யாகப்பனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அந்தப் பச்சைத் தண்ணீர்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. தீட்டுப் பட்டால் புழு எதற்காகப் பச்சையாகக் கக்க வேண்டும்? ஆயிரக்கணக்கான புழுவும் ஒரே காலையில் ஏன் சாக வேண்டும்? திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் போனார். அங்கே அவருக்குப் பழக்கமான கருப்பண்ணன் இருபது வருஷமாகப் புழு வளர்க்கிறவர். நடந்ததைக் கேட்டதுமே அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது நோயில்லீங்க. மருந்து. பூச்சி மருந்து வாடை பட்டாத்தான் தலையத் தூக்கும், பச்சையா கக்கும். எங்கிருந்தோ உள்ள வந்திருக்குது, அத மட்டும் கண்டுபிடிங்க."

யாகப்பனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. ஒரு பாவமும் அறியாத பெண்ணைக் காப்பாற்றப் போகிறோம், அதுவும் கழற்றிப் பார்த்தே காப்பாற்றப் போகிறோம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நாற்பது புழுவும் ஒரு கட்டுத் தழையும் கருப்பண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பச்சியப்பனிடம் போய், "ஷெட்ட நாலு நாளைக்குக் கழுவாத பச்சி. எனக்குக் கொஞ்சம் சாமான் வேணும்" என்றார்.

"என்னமோ பண்ணுங்கண்ணா. எல்லாம் போச்சு, இனி என்ன இருக்குது" என்றார் பச்சியப்பன்.

செவ்வாய்க்கிழமை காலை தன் மாட்டுக் கொட்டகையில் நான்கு தட்டுகளை வரிசையாக வைத்தார். தட்டுக்குப் பத்துப் புழு. முதல் தட்டில் பச்சியப்பன் தோட்டத்துத் தழை. இரண்டாவதில் கருப்பண்ணன் கொடுத்த தழையைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கிப் போட்டது. மூன்றாவதில் அதே தழைமேல் ஷெட்டில் தூவுகிற சுண்ணாம்புத் தூள். நான்காவதில் தழைக்கு அடியில் ஒரு சாண் சாக்குத் துண்டு. வெயில் காலத்தில் ஷெட் குளிர்ச்சியாக இருப்பதற்காக ஜன்னலெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு நனைத்து வைப்பார்கள். பறித்த தழை வாடாமல் இருக்க அதன்மேலும் ஈரச் சாக்குப் போர்த்துவார்கள். அப்படிப்பட்ட சாக்கில் வெட்டியது. தீட்டுக்கும் ஒரு தட்டு வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஊரில் யாரிடம் போய்க் கேட்பது என்று விட்டுவிட்டார்.

மூன்று தட்டில் புழுக்கள் தம்பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. நான்காவது தட்டில் ஒரு மணி நேரத்தில் ஒன்று தலையைத் தூக்கியது. அப்புறம் இன்னொன்று. பச்சைத் தண்ணீர்.

மதலேனம்மாள் சாணிக்கூடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எது செத்துது?"

"சாக்கு. சாக்குலதான் இருக்குது விஷயம்."

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சாக்கு பழைய சாக்கு, உரச்சாக்குகூட அல்ல, கேழ்வரகுச் சாக்கு. போன மாதமும் அதே சாக்குத்தான் தொங்கியது, புழு சாகவில்லை. அப்படியென்றால் நனைத்த தண்ணீர். ஆனால் கிணற்றுத் தண்ணீர் இரண்டாவது தட்டில் இருக்கிறதே, அந்தப் புழு கொழுகொழுவென்று தின்கிறதே. கிணற்றில் சுத்தமாக இருந்த தண்ணீர் சாக்கில் விஷமாகிவிட்டது. அப்படியானால் கிணற்றுக்கும் சாக்குக்கும் நடுவில் என்ன இருந்தது?

நடுவில் ஒரு ஸ்ப்ரேயர் இருந்தது. பச்சை நிறம், பேட்டரியில் ஓடுவது, பதினாறு லிட்டர். பக்கத்து வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பி வந்து, கொட்டகை மூலையில், அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

எழுந்து போய் மூடியைத் திறந்தார். வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அடியில் தேங்கியிருந்ததை ஒரு தழையில் சொட்டவிட்டு, முதல் தட்டிலிருந்து ஒரே ஒரு புழுவை எடுத்து அதன்மேல் வைத்தார். பார்க்காமலேயே தெரியும், ஆனாலும் உட்கார்ந்து பார்த்தார். வாழ்நாளில் ஒரு விடை கிடைக்காமல் போகட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

போன வெள்ளிக்கிழமை அவர் காலையில் மிளகாய்க்கு மருந்து அடித்தார். சாயங்காலம் சிலுவைப்பாதை. ஐந்து மணிக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது, கண்ணெல்லாம் சோப்பு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பச்சியப்பன் குரல். "அண்ணா, வெயிலு கொளுத்துது. சாக்கு நனைக்கணும், உங்க ஸ்ப்ரேயரக் குடுக்கறீங்களா? கழுவி வச்சிருக்கீங்க இல்ல?"

"கழுவியாச்சு பச்சி, எடுத்துக்க."

இவ்வளவுதான் நடந்தது. சொன்ன மறு நிமிஷம் அவர் அதை மறந்துபோனார். சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு பதினான்கு நிலையும் நடந்துவிட்டு வந்தார். கழுவியாச்சு என்று வாயால் சொல்லிவிட்டதால் மனசும் அதைக் கழுவின கணக்கில் வைத்துக்கொண்டது.

புதன்கிழமை முழுவதும் ஒரே கேள்வியைத் தனக்குள் துருவிக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னேன்? இன்னும் கழுவவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈரத் துண்டோடு வந்து மூன்று தடவை அலசிக் கொடுத்திருக்க வேண்டும், கால் மணி நேரம் போயிருக்கும், கோயிலில் ஜனங்கள் சிலுவைக்காகக் காத்திருப்பார்கள், யாகப்பன் லேட்டாக வந்தார் என்று நாலு பேர் பார்ப்பார்கள். அதற்காகத்தான் சொன்னார். ஆண்டவர் பாடுபட்ட பாதையில் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு பொய். பதினெட்டு வருஷம் எத்தனையோ மெஷினைக் கழற்றிப் பார்த்தவர், தனக்குள் கழற்றிப் பார்த்தால் இவ்வளவு அற்பமான ஒரு திருகு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"சாக்குல என்னதான் இருந்துது, கண்டுபிடிச்சீங்களா?" என்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள் மதலேனம்மாள்.

"இன்னும் தெரில" என்றார்.

வியாழக்கிழமை பங்குச்சாமியார் கோயிலில் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்க உட்கார்ந்திருந்தார். யாகப்பன் வரிசையில் கடைசி ஆளாக நின்று, முழந்தாளிட்டு, சொல்ல வேண்டியதைப் பூசி மெழுகிச் சொன்னார். மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயரைச் சரியாகக் கழுவவில்லை, கவனக்குறைவாக இருந்துவிட்டேன், அதனால் பக்கத்து வீட்டில் புழு செத்துவிட்டது, பழி அந்த வீட்டு மருமகள்மேல் விழுந்துவிட்டது. சாமியார் சின்ன வயசுக்காரர். பிரசங்கம் செய்வார் என்று எதிர்பார்த்தார் யாகப்பன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குதுங்க?"

"அம்மா வூட்டுலங்க சாமி."

"சரி" என்றார் சாமியார். "நீங்க மனசார வருந்துறீங்க, கடவுள் மன்னிப்பாரு. ஆனா அது அங்க உக்காந்திருக்கிற வரைக்கும் உங்க வேலை முடியலைங்க."

மன்னிப்புக் கிடைத்தது. தோள் லேசாகும் என்று நினைத்தார், ஆகவில்லை. கோயிலை விட்டு வெளியே வந்தபோது, சொல்லிவிட்டோமே, இது போதாதா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவருக்கு இப்போது அடையாளம் தெரிந்திருந்தது. சோப்பு நுரைக்குள்ளிருந்து பேசியதும் அதுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பச்சியப்பன் வீட்டுக்குப் போனார். தீர்த்தம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். இருவரையும் நிற்க வைத்து, தட்டு வைத்ததிலிருந்து ஆரம்பித்து, "ஸ்ப்ரேயர நான் சரியா கழுவாம குடுத்துட்டேன் பச்சி. தப்பு என்னுது" என்று முடித்தார்.

பச்சியப்பன் முகம் கறுத்தது. அடித்துவிடுவாரோ என்றுகூட யாகப்பனுக்குத் தோன்றியது; அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் வாசலுக்கும் கிணற்றுக்கும் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து, தணிந்த குரலில் பச்சியப்பன் வேறு ஒன்று சொன்னார்.

"போனது போச்சுங்கண்ணா. தெரியாம நடந்தது. எங்கேயோ அடிச்ச மருந்து காத்துல வந்துடுச்சின்னு சொல்லிக்கலாம். புள்ளையக் கூட்டியாந்துடலாம். உங்க பேரும் கெடாது, நாங்க பேசினதும் அப்பிடியே அமுங்கிடும். காத்து வந்து சாட்சி சொல்லவா போவுது?"

தீர்த்தம்மாளும் ஆமாம் என்று தலையாட்டினாள். சொசைட்டி வாசலில் தான் பேசியதை அவளும் விழுங்க வேண்டுமே. காற்றின் தலையில் கட்டிவிட்டால் மூன்று பேருக்குமே சௌகரியம்.

யாகப்பனுக்கு ஆசை வந்தது என்பதை மறைப்பானேன்? எவ்வளவு சுலபம். பெண்ணும் வீட்டுக்கு வந்துவிடுவாள், சாமியார் சொன்ன வேலையும் முடிந்துவிடும். சரி என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பெண் நாலு பேர் முன்னால் நின்று தேதி சொன்னதை நினைத்துக்கொண்டார். காற்று என்று சொன்னால், ஊரில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே, என்ன இருந்தாலும் அவள்தான் என்பார்கள். ஆயுசுக்கும் சொல்வார்கள்.

"வேணாம் பச்சி. காத்து ஒண்ணும் பண்ணல. கெளம்புங்க, மூணு பேரும் போய்ட்டு வருவோம். அடுத்த தடவை புழு வைக்கறப்ப, கூடு கட்டுற வரைக்கும் தழை அறுத்துப் போடுறது என் வேலை."

பஸ் ஏறுவதற்கு முன்னால் அன்பியத்து அமல்தாஸுக்கு போன் போட்டார். "இன்னிக்கு சிலுவைய நீ தூக்கிக்க. நான் வர நேரமாவும்." ஏன் என்று அமல்தாஸ் கேட்டான். வந்து சொல்றேன் என்று வைத்துவிட்டார்.

பென்னாகரம் தாண்டி இறங்கி அரை மைல் நடந்தார்கள். மாதேஸ்வரியின் அம்மா கண்ணம்மாள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்திகளைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள் மாதேஸ்வரி. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தாள்.

யாகப்பன் நின்றபடியே சொன்னார். "கண்ணு, புழு செத்தது உன்னால இல்ல. என் ஸ்ப்ரேயர்ல மருந்து இருந்துது. நான் சரியா கழுவாம குடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய மாமா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு கண்ணு."

"அன்னிக்கு ஸ்ப்ரேயர்ல தண்ணி ஊத்தறப்பவே எனக்கு வாடை வந்துச்சுங்க. அத்தைகிட்ட சொன்னேன். யாகப்பண்ணன் கழுவிட்டேன்னா கழுவியிருப்பாரு, உனக்கென்ன தெரியும்னாங்க. சரி, அவரு பொய் சொல்ல மாட்டாரு, எம்மூக்குதான் சரியில்லன்னு நெனச்சிக்கிட்டு அடிச்சேன். ஒரு வாரமா அதையேதான் யோசிக்கிறேன். ஊரே சொல்றப்ப, ஒருவேளை நாந்தான் ஏதோ பண்ணிட்டனோன்னு எனக்கே வந்துடுச்சு." ஓரடி முன்னால் வந்தாள். "நெசமாச் சொல்லுங்க. எத்தனை தடவை கழுவுனீங்க?"

யாகப்பன் தரையைப் பார்த்தார். சாமியாரிடம் சரியாகக் கழுவவில்லை என்றார். பச்சியப்பனிடமும் அதே 'சரியாக'. இப்போது இவளிடமும். அந்த ஒரு வார்த்தையைக் குடையாகப் பிடித்துக்கொண்டே மூன்று இடத்துக்கும் வந்திருக்கிறார். தன் பேரை நம்பித்தான் இந்தப் பெண் தன் மூக்கை நம்பாமல் போனாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒரு தடவகூட இல்ல கண்ணு," என்றார். "மூடியத் தொறக்கவே இல்ல. கோயிலுக்கு நேரமாவுதுன்னு, கழுவிட்டேன்னு பொய் சொன்னேன். உம்மூக்கு சரியாத்தான் இருந்துது."

புளி தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. பச்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாதேஸ்வரி மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா அத்தை?"

"கேட்டேன்" என்றாள் தீர்த்தம்மாள்.

"இங்க சொன்னது சரிங்க. எங்கம்மா கேட்டுது, போதும். ஆனா என்னப் பத்தி சொன்னது இந்த ஊர்ல இல்லீங்களே. பால் சொசைட்டியிலதான சொன்னாங்க."

"நாளைக்குக் காலையில பால் ஊத்துற நேரத்துக்கு நானே போய் நின்னு சொல்றேன் கண்ணு," என்றார் யாகப்பன். "இப்ப சொன்னத அப்பிடியே சொல்றேன். அதக் கேட்டுட்டு அப்புறம் வா."

மாதேஸ்வரி தலையசைத்தாள். தீர்த்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானும் வரேங்கண்ணா," என்றாள். "அங்க சொன்னது நான்தான."